பெயரைப் படமாக்காதே! - கிரேடியன்ட் ஹெட்டரும் திருமானூரும்

திருமானூர்க்காரர் ஒருவர் 1994-இல் தன் முகவரியை எழுதினால், கடைசி வரியில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று போட வேண்டும். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதே வீடு, அதே வாசல், முகவரியில் மட்டும் பெரம்பலூர் மாவட்டம். 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது. சரி என்று அரியலூர் எழுதப் பழகினார். மறு வருடமே, 2002-இல், அரியலூரைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர்! பன்னிரண்டு வருடத்தில் நாலு முறை மாவட்டம் மாறியிருக்கிறது. ஊர் என்னவோ கொள்ளிடத்தின் வடகரையில் அது பாட்டுக்கு அதே இடத்தில்தான் இருந்தது.

கடிதத்தில் என்றால் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே எழுதிவிடலாம். ரப்பர் ஸ்டாம்ப் என்றால் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம். ஆனால் 2001-இல் ஆர்வமுள்ள பையன் ஒருவன் அந்த ஊருக்கென்று ஒரு வெப் பேஜ் செய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஹெட்டர். அடர் நீலத்தில் தொடங்கி, கீழே போகப் போக வெளிறிக்கொண்டே வரும் கிரேடியன்ட். இடது மூலையில் ஒரு கோபுரம், வலது மூலையில் கொள்ளிடம் பாலம். நடுவில் மஞ்சள் எழுத்தில், கறுப்பு நிழலோடு "திருமானூர், அரியலூர் மாவட்டம்". எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஜேபெக் படமாக ஏற்றிவிட்டான்.

அடுத்த வருடம் மாவட்டம் மாறியதும் என்ன செய்வான்? லேயர் லேயராக இருந்த மூலக் கோப்பு பழைய ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. கையில் இருப்பது அந்தப் படம் மட்டும். "அரியலூர்" என்ற எழுத்தை அழிக்கப் போனால் அடியில் இருக்கும் கிரேடியன்டும் சேர்ந்து அழியும். ஒன்று, மொத்தப் படத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் தப்பான மாவட்டத்தோடு அப்படியே விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்... எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பெயர் எழுத்தாக இருந்திருந்தால்? ஒரு வார்த்தை. ஒரு நிமிட வேலை.

இங்கே சண்டை இதுதான். கிரேடியன்ட் என்பது சுவருக்கு அடிக்கும் பெயின்ட். ஊர்ப் பெயர் என்பது எழுத்து. பெயின்ட் டப்பாவுக்குள்ளேயே எழுத்தைக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் தமிழ் இணையத்தில் ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் வந்தது. வழி பிறந்து பல வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. பள்ளிக்கூடம், கோயில், சங்கம், ஜவுளிக்கடை என்று எந்தச் சின்ன வெப்சைட்டைத் திறந்தாலும், பெயர் மட்டும் படத்துக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

முதலில் கிரேடியன்டுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டிசைன் படித்தவர்கள் அதைப் பார்த்தாலே மூக்கைச் சுளித்த காலம் ஒன்று உண்டு. 2005-க்குப் பிறகு மூன்று நாலு வருடம், வெப் 2.0 என்ற பெயரில் எங்கே பார்த்தாலும் பளபளப்பு. பட்டனில் கிரேடியன்ட், மெனுவில் கிரேடியன்ட், ஹெட்டரில் கண்ணாடி மாதிரி பாதி வெள்ளை. 2012-இல் விண்டோஸ் 8, 2013-இல் ஐஓஎஸ் 7 என்று வந்து எல்லாவற்றையும் தட்டையாக்கின. உடனே கிரேடியன்ட் போடுகிறவன் பட்டிக்காட்டான் ஆகிவிட்டான். 2016-இல் இன்ஸ்டாகிராம் தன் ஐகானையே ஊதா, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று கிரேடியன்டாக மாற்றியது. அதே ஆட்கள் ஆகா ஓகோ என்றார்கள். பெல்பாட்டம் போய் வந்த கதைதான். ஆகவே ஊர் வெப்சைட்டில் நீலக் கிரேடியன்ட் இருக்கிறதே என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வானம்கூட மேலே அடர்த்தியாகவும் அடியில் வெளிறியும்தான் இருக்கிறது, அதை யாரும் பழைய ஃபேஷன் என்று சொல்வதில்லை.

கிரேடியன்ட் ஹெட்டர் செய்வதில் ஓர் அழகான கஞ்சத்தனம் இருந்தது. அது தெரிந்தால்தான் எழுத்தை உள்ளே போட்டவர்கள் எதைக் கெடுத்தார்கள் என்று புரியும். ஹெட்டர் 1000 பிக்சல் அகலம், 150 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொண்டால், நிறம் மேலிருந்து கீழே மட்டும்தான் மாறுகிறது. இடமிருந்து வலமாக ஒரு மாற்றமும் இல்லை. அதாவது அந்த ஆயிரம் நெடுக்குக் கோடுகளும் ஒரே அச்சு. அப்புறம் எதற்கு ஆயிரம் தடவை சேமிக்க வேண்டும்? ஒரே ஒரு பிக்சல் அகலமும் 150 பிக்சல் உயரமும் உள்ள நாடா ஒன்று செய்தால் போதும். ஸ்டைல்ஷீட்டில் ரிப்பீட்-எக்ஸ் என்று ஒரு சொல் எழுதினால், பிரவுசரே அதைக் குறுக்கே வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும். புடவை பார்டரில் ஒரே அச்சுக்கட்டையை நகர்த்தி நகர்த்தி வைக்கிற மாதிரி. சுருக்காத கணக்கில் முழுப் படத்துக்கு 4,50,000 பைட் வேண்டும். நாடாவுக்கு 450 பைட். ஆயிரத்தில் ஒரு பங்கு!

இந்தத் தந்திரம் எப்போது செத்துப்போகும்? நடுவில் ஓர் எழுத்தை வைத்த நிமிடமே. "தி" இருக்கிற கோடும் "ரு" இருக்கிற கோடும் ஒன்றல்ல. இனி ஆயிரம் கோடுகளையும் சேமித்தாக வேண்டும். போட்டோவும் சேர்ந்த அந்த மாதிரி ஹெட்டர் ஒன்று 70 கிலோபைட் வந்தால், 56 கே டயல்-அப் மோடம் தன் முழு வேகத்தில் ஓடினாலே பத்து விநாடி. முழு வேகத்தில் எந்த மோடமும் ஓடியதில்லை என்பது வேறு விஷயம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள், ஊர்ப் பெயர் மேலிருந்து கீழே திரைச்சீலை மாதிரி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அளவு மட்டும் பிரச்சினையில்லை. கிரேடியன்டுக்கும் எழுத்துக்கும் ஒரே கோப்பில் குடித்தனம் ஒத்துவராது. ஜிஃப் படத்தில் மொத்தமே 256 நிறங்கள்தான். எழுத்துக்கு அது தாராளம், கூரான விளிம்பும் கிடைக்கும். ஆனால் கூடவே கோபுரம் போட்டோவும் கிரேடியன்டும் அதே 256-ஐப் பங்குபோட்டுக்கொண்டால், வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து படிக்கட்டு மாதிரி நிற்கும். ஜேபெக் நேர் எதிர். மெதுவாக மாறும் நிறங்களை அருமையாகச் சுருக்கும். ஆனால் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூரான விளிம்பு வந்தால் திணறும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி அழுக்குப் புள்ளிகள் வரும். 24-பிட் பி.என்.ஜி. இரண்டையும் ஒழுங்காகக் காட்டும், ஆனால் போட்டோ சேர்ந்தால் கோப்பு பருத்துவிடும். ஜேபெக்கோ ஜிஃபோ, ஏதாவது ஒன்று பலி. தமிழ் ஹெட்டர்களில் பலியானது பெரும்பாலும் எழுத்துதான்.

(பட்டை விழும் கணக்கு சுலபமானதுதான். ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள். மேல் நிறத்துக்கும் கீழ் நிறத்துக்கும் பத்துப் படிதான் வித்தியாசம், உயரம் 200 பிக்சல் என்றால், ஒவ்வொரு படியும் 20 பிக்சல் தடிமனில் பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். போட்டோஷாப் மேல் தப்பில்லை, தேர்ந்தெடுத்த நிறங்கள் மேல்தான் தப்பு.)

தமிழ் எழுத்தில் இந்த அழுக்கு எங்கே போய் விழும் என்று யோசித்தால் வயிறு எரியும். புள்ளி! சின்ன எழுத்தில் புள்ளி என்பதே இரண்டு மூன்று பிக்சல். ஜேபெக் அதைத் தின்றுவிட்டால் "திருமானூர்" என்பது "திருமானூர" ஆகிவிடும். அடுத்தது கொம்பு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் மேலே உள்ள ஒரு சுழிதான். அந்தச் சுழி மங்கினால் செல் எது, சேல் எது?

இந்தச் சுழிக்கும் திருமானூருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பக்கத்தில் இருக்கிற ஏலாக்குறிச்சியில்தான் வீரமாமுனிவர் தங்கி அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஓலைச் சுவடிக் காலத்தில் எ, ஏ இரண்டும் புள்ளியை வைத்துத்தான் பிரிந்தன. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் குறிலா நெடிலா என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குழப்பம் தீர நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தவர் வீரமாமுனிவர். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் பாடுபட்டுப் பிரித்து வைத்ததை, ஒரு ஜேபெக் படம் அவர் இருந்த வட்டாரத்திலேயே மறுபடி ஒன்றாகக் குழப்பிவிடுகிறது!

சரி, இந்தப் பழக்கம் எப்படி வந்தது? குற்றம் சொல்லும்போது நியாயத்தையும் சொல்ல வேண்டும். 90-களின் கடைசியில் தமிழ் வெப்சைட் நடத்தியவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு ஃபான்ட். திஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. வாசகரின் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லையென்றால், பக்கம் முழுக்கப் பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்த மாதிரி கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் தெரியும். "எழுத்துரு இங்கே கிடைக்கும்" என்று தமிழில் எழுதினாலும் அதுவே தெரியாது! அந்த நிலையில் பத்திரிகையின் பெயரையாவது ஒரு படமாகப் போட்டால்தான், வந்தவருக்கு இது தமிழ்ப் பக்கம் என்றே புரியும். படமாகப் போட்டவர்களுக்கு ஒரு கும்பிடு. அது சோம்பேறித்தனம் அல்ல, வாசகர் மேல் இருந்த அக்கறை.

யூனிகோட் வந்த பிறகும் உடனே விடியவில்லை. விண்டோஸ் 2000-இலேயே லதா ஃபான்ட் வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்.பி.யில் கன்ட்ரோல் பேனலுக்குள் போய்ச் சிக்கலான எழுத்து மொழிகளுக்கான டிக்கைப் போடாவிட்டால், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். ஆரம்பகால ஆண்ட்ராய்ட் போன்களில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆக, 2000-களின் பெரும்பகுதிக்கு "எழுத்தாகப் போட்டால் தெரியாதே" என்ற வாதம் செல்லும்.

இன்று செல்லாது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி தமிழக அரசே யூனிகோடை ஏற்றது. இப்போது விற்கும் எந்தப் போனை எடுத்தாலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அடுத்த சாக்கு அழகு. "லதா அசிங்கமாக இருக்கிறது, எங்களுக்கு ஸ்டைலான எழுத்து வேண்டும்" என்பார்கள். 2009-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 வந்தபோதே, ஃபான்டைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதி பரவலாக வந்துவிட்டது. கூகிள் ஃபான்ட்ஸில் கட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பலூ தம்பி, கவிவனர் என்று இலவசத் தமிழ் ஃபான்ட்கள் கிடைக்கின்றன. தடிமன் வேண்டுமா, கையெழுத்து மாதிரி வேண்டுமா, எல்லாம் உண்டு. எழுத்துக்கு நிழல் வேண்டுமென்றால் ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி.

கிரேடியன்டுக்கும் இன்று படம் தேவையில்லை. 2008-இல் வெப்கிட் அதை ஸ்டைல்ஷீட்டிலேயே வரையக் கற்றுக்கொண்டது. 2010-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.6, 2012-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 என்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். லீனியர்-கிரேடியன்ட் என்று எழுதி, எந்தத் திசை, எந்த நிறத்திலிருந்து எந்த நிறம் என்று சொன்னால் பிரவுசரே வரைந்துவிடும். அந்த 450 பைட் நாடாகூட மிச்சம். இவ்வளவு வசதி வந்த பிறகும் ஒரு கிரேடியன்டுக்கும் நாலு சொல்லுக்கும் ஆயிரம் பிக்சல் படம் செய்கிறவர்களை என்ன சொல்வது?

என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. "கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் என்ன?" என்ற இந்தக் கேள்வியின் வேர் ஃபிளெக்ஸ் பேனரில் இருக்கிறது. ஊரில் வெப்சைட் செய்து கொடுப்பவர் பல சமயம் டி.டி.பி. சென்டர்காரர்தான். கோரல் டிராவில் ஃபவுண்டன் ஃபில் போட்டு, காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பேனர் அடித்துக் கை பழகியவர். அந்தக் கலையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இருபது அடி பேனரில் ரோட்டில் போகிறவரின் கண்ணைப் பிடிப்பது லேசான வேலையா? ஆனால் பேனரைப் பார்ப்பது மனிதக் கண் மட்டும்தான். வெப் பேஜைப் படிக்க இன்னும் மூன்று பேர் வருகிறார்கள், அவர்களை டி.டி.பி.காரர் பார்த்ததே இல்லை.

முதலாவது ஆள், தேடுபொறி. திருமானூரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் "தி"யில் எச் உண்டா இல்லையா, "மா"வுக்கு ஒரு ஏ-யா இரண்டு ஏ-யா, "னூ"வுக்கு யு-வா இரண்டு ஓ-வா என்று நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். பக்கத்துத் திருமழபாடியைக் கேட்கவே வேண்டாம், "ழ"வை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் என்ன செய்ய முடியும்? தமிழில் மட்டும்தான் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அந்த ஒரே ஓர் உறுதியான எழுத்துக்கூட்டைத் தூக்கிப் படத்துக்குள் புதைத்துவிட்டால், தமிழில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்? சென்னைக்கோ மதுரைக்கோ இது பெரிய நஷ்டமில்லை, ஆயிரம் பக்கங்களில் பெயர் இருக்கிறது. சின்ன ஊருக்கு இருப்பதே நாலு பக்கம். அதில் இரண்டு ஊமை.

கரைவெட்டி பறவைகள் சரணாலயம் திருமானூர்ப் பக்கம்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. இனி உலகத்தில் யார் யாரோ அந்தப் பெயரைத் தேடுவார்கள். ஊர்க்காரர் யாராவது பறவைகளைப் பற்றிப் பார்த்துப் பார்த்து எழுதி, மேலே "கரைவெட்டி" என்பதை மட்டும் பச்சைக் கிரேடியன்டில் படமாகப் போட்டு வைத்தால், தேடுகிறவர்கள் போய்ச் சேருவது வேறு எங்கோ உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதியவரின் பக்கத்துக்கு.

"கூகிள் இப்போது படத்தில் உள்ள எழுத்தையும் படிக்கிறதே" என்று ஒரு பதில் உடனே வரும். கூகிள் லென்ஸைக் காட்டினால் படிக்கிறது, உண்மைதான். ஆனால் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டும்போது படிப்பதும், கோடிக்கணக்கான பக்கங்களில் இது எதைப் பற்றிய பக்கம் என்று முடிவு செய்வதும் ஒன்றல்ல. தலைப்பு, மெனு போன்றவற்றைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்று கூகிளே தன் வழிகாட்டிக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. அதுவும் புள்ளியை ஜேபெக் தின்ற தமிழ் எழுத்தை மெஷின் சரியாகப் படிக்கும் என்று நம்புவது பேராசை.

இரண்டாவது ஆள், கண் தெரியாதவரின் ஸ்கிரீன் ரீடர். என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள் 2006-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் உள்ளேயே வருகிறது. இவை எழுத்தை வாசித்துக் காட்டும், தமிழிலும் வாசிக்கும். படம் வந்தால் அதற்கு எழுதி வைத்த மாற்று விவரத்தை வாசிக்கும். அந்த விவரத்தை, அதாவது ஆல்ட் என்பதை, எழுதாமல் விட்டிருந்தால்? ஹெட்டர் படத்தை முகப்புக்கு லிங்க் ஆக்கியிருப்பார்கள், அதனால் பல சமயம் கோப்பின் பெயரையே வாசிக்கும். திருமானூர் என்று கேட்க வேண்டியவர் காதில் "ஹெட்டர் ஃபைனல் நியூ 2 டாட் ஜேபிஜி" என்று விழும். சிரிப்பு வருகிறதா? தன் சொந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்தவருக்கு வராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், டிஜிட்டல் சேவைகளை எல்லோரும் அணுக முடிவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. கோர்ட் வரைக்கும் போன விஷயம், ஹெட்டரில் நாலு சொல் எழுதுகிறவருக்கு இன்னும் எட்டவில்லை.

"ஆல்ட் போட்டுவிட்டால் போச்சு, படமே இருக்கட்டும்" என்பார்கள். படம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் கட்டாயம் போடட்டும், ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் ஒரு பெயரை எழுத்தாக எழுதத் தயாராக இருப்பவர், அதை ஒளித்து வைத்துவிட்டு மேலே படத்தை ஏன் ஒட்ட வேண்டும்? தவிர, மாவட்டம் மாறும்போது படத்தை மாற்றுவார், ஆல்ட்டை மறப்பார். அல்லது ஆல்ட்டை மாற்றுவார், படத்தை விட்டுவிடுவார். ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்தால் என்றைக்காவது இரண்டும் இரண்டு பேச்சு பேசும்.

மூன்றாவது ஆள், கைபேசி. 1000 பிக்சல் ஹெட்டரை 360 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், 28 பிக்சல் உயரமாக இருந்த எழுத்து 10 பிக்சல் ஆகிவிடும். புள்ளியாவது, சுழியாவது! எழுத்தாக இருந்தால் இடம் போதாதபோது இரண்டு வரியாக மடங்கும், அளவு அப்படியே இருக்கும். படம் மடங்காது. கிராமத்தில் இணையம் என்றாலே இன்று போன்தான். ஊர்க்காரர்களுக்காகச் செய்த பக்கத்தில், ஊர்க்காரர் கையில் இருக்கும் கருவியில்தான் ஊர்ப் பெயர் படிக்க முடியாமல் போகிறது.

எழுத்தைப் படத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. கிரேடியன்ட் ஒரு வேலை காட்டும். தனி நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால், தெரிகிறதா இல்லையா என்று ஒரு முறை பார்த்தால் போதும். கிரேடியன்ட் மேல் எழுதினால், மேல் வரி நன்றாகத் தெரியும், கீழ் வரி காணாமல் போகும். இதற்குக் கணக்கு இருக்கிறது. 2008-இல் வந்த வெப் அணுகல் நெறி, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும், பெரிய எழுத்து என்றால் 3-க்கு 1 போதும் என்கிறது. சிவப்பு 0, பச்சை 51, நீலம் 102 என்ற அடர் நீலத்தின் மேல் வெள்ளை எழுத்துக்கு 12.6 வருகிறது. பிரமாதம். அதே கிரேடியன்ட் கீழே சிவப்பு 102, பச்சை 204, நீலம் 255 என்ற வெளிர் நீலத்தில் முடிந்தால், அங்கே வெறும் 1.8. கீழ் வரியில் "அரியலூர் மாவட்டம்" என்று எழுதியிருப்பது வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவருக்கு எப்படித் தெரியும்? கீழ் நிறத்தை 0, 102, 153 என்று நிறுத்தினால் 6.2 கிடைக்கும். கிரேடியன்டும் இருக்கும், எழுத்தும் இருக்கும். வெளிறலைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஆகாத பெரிய இடத்துப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு, 2005-ஆம் வருடத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. வேர்ட்பிரஸ் 1.5 வந்தபோது அதன் இயல்பான உடுப்பு குப்ரிக். மைக்கேல் ஹைலமன் செய்தது. மேலே வட்ட மூலைகளோடு நீலக் கிரேடியன்ட், நடுவில் வெள்ளையில் பெயர். 2010-இல் ட்வென்டி டென் வரும் வரைக்கும், வேர்ட்பிரஸ்ஸில் வலைப்பூ தொடங்கிய எல்லோரும், தமிழர்கள் உட்பட, முதலில் பார்த்த முகம் அதுதான். அதில் கிரேடியன்ட் படம், பெயரோ எழுத்து! உரிமையாளர் பெயரை மாற்றினால் ஹெட்டரில் தானே மாறும். கிரேடியன்ட் அப்படியே இருக்கும். தமிழில் எழுதினால் தமிழில் தேடக் கிடைக்கும். இத்தனையும் இலவசமாகக் கிடைத்தபோது பலர் செய்த முதல் வேலை, "எல்லோரும் இதையே வைத்திருக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டு, பெயரையும் சேர்த்து ஒரு படம் செய்து அதன் மேல் ஒட்டியதுதான். தனித்தன்மை வேண்டும் என்று பெயரையே இழந்தார்கள் :-)

அரசாங்க வெப்சைட் என்றால் திட்டுவது சுலபம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அரசு சரியாக இருக்கிறது. தேசிய தகவல் மையம் மாவட்டங்களுக்குச் செய்து கொடுத்திருக்கும் பக்கங்களில், அரியலூர் மாவட்டம் உட்பட, மேலே சின்னத்தின் பக்கத்தில் மாவட்டப் பெயர் எழுத்தாகவே இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும். தேர்ந்தெடுத்து காப்பி எடுக்கலாம். நாளைக்கே இன்னொரு முறை மாவட்டத்தைப் பிரித்தாலும் சேர்த்தாலும் (நடக்காது என்று சொல்ல முடியுமா?) ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. அரசு அலுவலகத்துக்குத் தெரிந்தது, லட்ச ரூபாய் செலவு செய்யும் தனியார் கல்யாண மண்டபத்துக்கும் கல்லூரிக்கும் தெரியவில்லை.

இப்போது புதிதாக ஒரு வியாதி கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் "எங்கள் ஊருக்கு ஒரு ஹெட்டர் படம்" என்று கேட்டால், கிரேடியன்டும் கோபுரமும் ஆறும் நொடியில் வருகிறது. கண்ணைப் பறிக்கும் படம். கூடவே தமிழில் பெயரும் எழுதித் தருகிறது, அதில்தான் ஆபத்து. பல முறை "ழ"வுக்கும் "மு"வுக்கும் நடுவில் ஒரு புது எழுத்து பிறந்திருக்கும். கொம்பு தப்பான பக்கம் வளைந்திருக்கும். கொடுமை என்னவென்றால், அதையும் அப்படியே மாட்டிவிடுகிறார்கள். கோபுரத்தையும் ஆற்றையும் அது வரையட்டும். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விரலால் தட்டி எழுத எத்தனை நேரம் ஆகும்?

பழைய ஜேபெக் மட்டும் கையில் இருக்கிறது, மூலக் கோப்பு இல்லை என்பவர்களும் தப்பிக்கலாம். ஜிம்ப்பில் அந்தப் படத்தைத் திறந்து, எழுத்து இல்லாத ஓர் ஓரத்தில், நிறம் எடுக்கும் கருவியை மேல் விளிம்பில் ஒரு முறை, கீழ் விளிம்பில் ஒரு முறை அழுத்தினால் இரண்டு நிறங்களின் எண்களும் கிடைத்துவிடும். அவற்றை ஸ்டைல்ஷீட்டில் லீனியர்-கிரேடியன்டாக எழுதிக்கொள்ளலாம். கோபுரத்தையும் பாலத்தையும் தனித்தனியாக வெட்டி இரண்டு ஓரத்திலும் வைக்கலாம். நடுவில் ஒரு எச்1, அதற்குள் திருமானூர் என்று ஏழு எழுத்து... இல்லை, எண்ணிப் பார்த்தால் ஐந்துதான்: தி, ரு, மா, னூ, ர் என்று ஐந்தோடு நின்றுவிடுகிறவர்கள் கம்ப்யூட்டர் கணக்கில் பத்துக் குறியீடுகள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.